ஆறு முறை இரண்டாவதாக வந்த மருது

நேமத்தான்பட்டி மருது 1968 தொடங்கி 1973 வரை, ஆறு ஆண்டுகள் ஒன்றுவிடாமல், செம்பொட்டல் கோப்பைப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்ததில்லை, மூன்றாவதாக நழுவியதும் இல்லை. அவர் ராசி அப்படி என்றார்கள் சிலர். கடைசிக் குழியில் கை நடுங்குகிற ஆள் என்றார்கள் வேறு சிலர். ராசியும் இல்லை, நடுக்கமும் இல்லை. நான் பத்திரிகையில் எழுதிய ஒரே ஒரு வரிதான் காரணம். அந்த வரி முழுப்பொய்.

செம்பொட்டல் என்பது நேமத்தான்பட்டிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நடுவே கிடந்த செம்மண் வெளி. என் மாமனாரின் தம்பி ஏகப்பச் செட்டியார் மலாயாவில் ஈப்போவில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் பெட்டி பெட்டியாகப் பீங்கானும் கண்ணாடிச் சாமானும் கொண்டு வந்தார்கள். இவர் கோல்ப் ஆட்டத்தைக் கொண்டு வந்தார். முள்ளை வெட்டி, பாறையை உடைத்து, ஒன்பது குழி தோண்டினார். வெளியூர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல்தரை இருக்கும். எங்கள் பொட்டலில் ஆடு கடிப்பதற்கே புல் கிடையாது. ஆகவே குழியைச் சுற்றி வட்டமாக மணலைப் பரப்பி, பஸ் எஞ்சினில் ஓடிக் கழிந்த எண்ணெயை ஊற்றிக் கெட்டிப்படுத்தி, பலகையால் இழுத்துச் சமன் செய்வார்கள். தூரத்திலிருந்து அடித்து வந்த பந்தை அந்த எண்ணெய் மணலில் உருட்டித்தான் குழிக்குள் விட வேண்டும். யார் மிகக் குறைந்த அடிகளில் ஒன்பது குழிகளையும் முடிக்கிறாரோ அவரே வென்றவர்.

இது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று ஒருவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

“என்னப்பே, கொறச்சு அடிச்சவன் ஜெயிச்சவனா? அப்பன்னா வீட்டுல கவுந்து படுத்துக் கெடக்கான் பாரு எம் மச்சான், அவனுக்குல்ல குடுக்கணும் கோப்பைய!”

1956இல் தொடங்கிய பந்தயம் அது. ஆண்டுதோறும் மாசி மாதத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, நாளுக்கு இரண்டு முறை ஒன்பது குழிகளையும் சுற்றி வர வேண்டும். ஆட வருகிறவர்கள் பெரிய பெயர்கள் அல்ல. வெலிங்டனிலும் கொடைக்கானலிலும் கோலாரிலும் துரைமார்களுக்கும் அதிகாரிகளுக்கும் பை தூக்கித் திரிந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் பழகி, பரிசுப் பணத்துக்காகத் தாங்களே ஆட வந்தவர்கள். பெரிய பந்தயங்களில் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்கென்றே ஊர் ஊராக ஒரு சுற்று நடந்தது. அதில் எங்கள் செம்பொட்டல் ஒரு நிறுத்தம். இங்கே முதலாவதாக வருபவருக்கு மட்டும் மெட்ராசில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு அழைப்புக் கடிதம் கிடைக்கும். இரண்டாவதாக வருபவருக்கு வெள்ளித் தட்டு கிடைக்கும், கடிதம் கிடைக்காது.

பந்தயத்துக்கு முன்பு அதைப் பற்றி முன்னோட்டம் எழுதுகிற வேலை என்னுடையது. காரைக்குடியில் முத்துராமன் என்பவர் வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். நான் பி.ஏ. படித்தவள், ஏகப்பச் செட்டியார் வீட்டு மருமகள், கோல்ப் விதிகளை ஆங்கிலத்தில் படித்துச் சொல்லத் தெரிந்தவள். அதனால் என்னிடம் வந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகத்தான் எழுதினேன். யார் யார் வருகிறார்கள், காற்று எந்தப் பக்கம், எந்தக் குழி கடினம் என்று. யாரும் படிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு, சென்ற பந்தயத்தில் அடித்த பந்து கண்டரமாணிக்கத்துக் கல்யாண வீட்டுப் பால் அண்டாவில் விழுந்து, அந்தப் பாலில் போட்ட காப்பியைக் குடித்த சம்பந்திகள் இருவரும் சண்டையை மறந்தார்கள் என்று எழுதினேன். கண்டரமாணிக்கம் எங்கே, எங்கள் பொட்டல் எங்கே! ஆனால் பத்திரிகை தீர்ந்துபோய், முத்துராமன் இரண்டாம் முறை அச்சடித்தார். அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை. கருடன் பந்தைக் கவ்விக்கொண்டு போய்க் குழிக்குள் போட்டது, முட்டை என்று அடைகாத்த காகம் மூன்று வாரம் கழித்து வெட்கப்பட்டுக் கூட்டைக் கலைத்தது, இப்படி ஆண்டுக்கு ஒன்று. ஒருவருக்கும் கெடுதல் இல்லாத பொய்கள்.

மருது முதலில் பொட்டலுக்கு வந்தது முள் வெட்ட. நேமத்தான்பட்டியில் கொஞ்சம் புன்செய் நிலமும் ஒரு கிணறும் உள்ள குடும்பம். தந்தை உடையப்பன் இறந்த பிறகு தாய் பொன்னுத்தாயியோடு சேர்ந்து விவசாயத்தைப் பார்த்துக்கொண்டு, வேலை இல்லாத மாதங்களில் பொட்டலுக்கு வருவார். முள் வெட்டியவர் பிறகு எண்ணெய் மணலை இழுத்துச் சமன் செய்யும் ஆளானார். மணலை இழுத்துவிட்டு, ஆட்கள் போன பிறகு, ஏகப்பச் செட்டியார் தூக்கி எறிந்த வளைந்த மட்டையால் பந்தை உருட்டிப் பார்ப்பாராம். ஒரு நாள் செட்டியார் அதைப் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று மருது மட்டையைப் பின்னால் மறைக்க, செட்டியார் தம் பையிலிருந்து நல்ல மட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

“எறிஞ்சத வச்சே இப்பிடி உருட்டுறியே, இதப் பிடி பாப்போம்!”

அந்த மட்டை மருதுவோடு போயிற்று. வயலுக்குப் போனாலும் மண்வெட்டியோடு தோளில் கிடக்கும். கேணி மேட்டில் நின்று அடித்தால் பந்து பிள்ளையார்பட்டிக் குன்றைத் தாண்டும் என்று நான் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். தாண்டாது. ஆனால் இருபது அடி தூரத்திலிருந்து எண்ணெய் மணலில் உருட்டிக் குழிக்குள் விடுவதில் அவருக்கு நிகராக ஒருவரை நான் பார்த்ததில்லை. இதை அளந்து சொல்லவில்லை. மணலின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அவர் கையால் இழுத்தது.

வெளியூர்ப் பந்தயங்களில் ஆட ஏதாவது ஒரு கோல்ப் மன்றத்தின் சிபாரிசு வேண்டும். மருதுவுக்கு எந்த மன்றம்? அவரால் செம்பொட்டலில் மட்டும்தான் ஆட முடியும். மெட்ராசுக்குப் போக அவருக்கு இருந்தது இந்த ஒரே வழி. 1967இல் மூன்றாவதாக வந்தார். மறு ஆண்டு, முன்னோட்டத்துக்காக அவரிடம் பேசப் போனேன். அப்போது அவருக்கு முப்பது வயது.

“சொல்லு மருது, இந்த வருஷம் எப்படி?”

“ஆடிப் பாக்கணும் ஆச்சி.”

“இதை எழுதினா முத்துராமன் என்னைத் துரத்திவிடுவாரு. வேற ஏதாவது சொல்லு.”

யோசித்தார். மணலைக் காலால் ஒதுக்கினார். “மெட்ராசுல புல்லுல உருட்டுறாகளாமே? பச்சப் புல்லுல. ஒரு தடவ அதுல உருட்டிப் பாக்கணும் ஆச்சி. பந்து எப்பிடிப் போகும்னு பாக்கணும். வேற ஒண்ணுமில்ல.”

அதையே எழுதியிருக்கலாம். இன்று படித்தால் அதைவிட நல்ல வரி எனக்குக் கிடைத்திருக்காது என்று தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டு கூட்டம் குறைந்துபோகும் என்று முத்துராமன் அரித்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் ஓடி வந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும், இப்போது பார்க்காவிட்டால் இனிப் பார்க்க முடியாது என்பது போல ஏதாவது. நான் எழுதியது இது:

“நேமத்தான்பட்டி வீரர் மருது செம்பொட்டல் கோப்பையை வென்றால், தம் மட்டையைக் கற்பக விநாயகர் சன்னிதியில் வைத்துவிட்டு, இனி வாழ்நாளில் அதைத் தொடுவதில்லை என நேர்ந்துகொண்டிருக்கிறார். ஆகவே அன்பர்களே, அவர் ஆட்டத்தைக் காண இதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம்!”

எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு நன்றாக இருந்தது.

பத்திரிகை வியாழக்கிழமை வந்தது. அன்று பிற்பகலே பொன்னுத்தாயி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வெயிலில் நடந்து வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

“ஆச்சி, எம் மகன் சாமிக்கு நேந்துக்கிட்டது பெத்தவளுக்குத் தெரியல. டீக்கடையில வாசிக்கிறத ஊரே கேட்டுப்புட்டு வந்து எனக்குச் சொல்லுது.”

நான் சிரித்தேன். “அட, அது சும்மா எழுதுனது பொன்னுத்தாயி. கூட்டம் வரட்டுமேன்னு. மருது ஒண்ணும் நேரல.”

அவர் சிரிக்கவில்லை. “அவனும் அதத்தான் சொல்றான்.”

“அப்புறம் என்ன?”

“அவன் நேரலேன்னா நீங்க நேந்திருக்கீக.”

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எம் மக வயித்துப் பேத்தி சின்னக்கண்ணுக்கு மொட்ட எடுக்குறேன்னு நேந்தது நானு. அவளா நேந்தா? அப்ப அவளுக்குப் பேச்சே வராது. ஆனா யாரு முடிய எடுத்தோம்? அவ முடியத்தானே? ஒருத்தருக்காக இன்னொருத்தரு நேந்துக்கிறது நம்ம பக்கம் இல்லாததா ஆச்சி?”

“நான் நேரலையே. எழுதத்தானே செஞ்சேன்?”

“சாமி பேரச் சொல்லி எழுதுனீகளா இல்லையா?”

“எழுதுனேன்.”

“மனசுக்குள்ள மொனங்குனாலே கேக்குற சாமிக்கு, நாலூருக்கு அச்சடிச்சுச் சொன்னது கேக்காமப் போயிருமா?”

அடுத்த வாரம் மறுப்புப் போடச் சொல்கிறேன் என்றேன். “மறுப்பு படிக்கிறவுகளுக்கு ஆச்சி. சாமி என்ன, அடுத்த வாரத்துப் பேப்பர வாங்கிப் படிக்கவா போகுது?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

பிறகுதான் உட்கார்ந்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். கணவர் உடையப்பனைப் பற்றிச் சொன்னார். கிணறு வெட்டியபோது, தண்ணீர் வந்தால் வீட்டுக் காளையைக் கோயிலுக்கு விட்டுவிடுவதாக அவர் நேர்ந்துகொண்டாராம். தண்ணீர் வந்தது. காளைக்கு நல்ல விலை கேட்டார்கள், விற்றுவிட்டார். அடுத்த ஆவணியில் அதே கிணற்றில் படி வழுக்கி விழுந்து இறந்தார்.

“அவரு காளைய வித்ததுக்குத்தான் விழுந்தாருன்னு நான் சொல்லல ஆச்சி. பாசி இருந்துச்சு, விழுந்தாரு. ஆனா எனக்கு இருக்கிறது ஒரு மகன்.”

  அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. “சாமிகிட்டயே கேட்டுருவோம் பொன்னுத்தாயி. பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா அந்த நேத்தி செல்லாது. செவப்பு வந்தா செல்லும்.” அவர் முகம் தெளிந்தது. ஒத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, நேமத்தான்பட்டி ஊருணிக் கரையில் இருந்த சின்னப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். மருதுவும் வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “வாங்க ஆச்சி” என்றார், அவ்வளவுதான். நாலு வயதுச் சின்னக்கண்ணு பொட்டலம் எடுப்பதற்காகத் தலை குளித்து, எண்ணெய் வழிய நின்றாள்.

பூவைப் பொட்டலம் கட்டுவது யார் என்ற பேச்சு வந்தது. பொன்னுத்தாயி என்னைக் காட்டினார்.

“நீங்களே கட்டுங்க ஆச்சி. எங்க வீட்டாளு கட்டுனா மனசு ஒரு பக்கமாச் சாயும். நீங்க படிச்சவுக, பொதுவா இருப்பீக.”

பூக்களை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்புறம் போனேன். இரண்டு வாழையிலைத் துண்டு, நார், கையில் இரண்டு செவ்வரளி, நாலைந்து நந்தியாவட்டை. அங்கே யாரும் இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துவிட்டால் குழந்தை எதை எடுத்தாலும் வெள்ளை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே ஊருணியில் போட்டுவிடுவார்கள். ஒரு நிமிஷ வேலை. காகத்துக்கே வெட்கம் வரவழைத்தவளுக்கு இது ஒரு காரியமா?

 ஏற்கனவே ஒரு முறை சாமி பேரில் பொய் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன், இன்னொன்றா என்று பயந்தேன். பொன்னுத்தாயி சொன்ன கிணறு கண் முன்னால் வந்தது. எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, நேர்மையாக வைத்துக் கட்டினேன்.

சின்னக்கண்ணு குனிந்தாள். இதைத் தொட்டாள், அதைத் தொட்டாள், ஒன்றை எடுத்துப் பாட்டி கையில் கொடுத்தாள். பிரித்தபோது செவ்வரளி.

பொன்னுத்தாயி கண்ணில் ஒற்றிக்கொண்டார்.  மருது தாயிடம் கேட்டார்.

“ஆத்தா, ஜெயிச்சாத்தானே வைக்கணும்?”

“ஜெயிச்சாத்தான்.”

“தோத்தா?”

“தோத்தா ஓம் மட்ட ஒன்கிட்ட. நான் என்ன, ஆட வேணாம்னா சொல்றேன்?”

தலையை ஆட்டிக்கொண்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

நான் எழுதியதை நம்பி எட்டு ஊர் ஜனம் வந்திருந்தது. பிள்ளையார்பட்டியில் தேங்காய்க் கடை வைத்திருந்தவர்கள்கூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள். சனிக்கிழமை முடிவில் மருது முதலிடம். ஞாயிறு பிற்பகல், கடைசிச் சுற்று, அவருக்கு முன்னால் ஆடிய, கொடைக்கானலிலிருந்து வந்த செம்மலை என்பவர் மொத்தம் நூற்று நாற்பத்தேழு அடிகளில் முடித்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மருது கடைசிக் குழியின் எண்ணெய் மணலுக்கு வந்தபோது நூற்று நாற்பத்தைந்து. பந்து குழியிலிருந்து மூன்றடி தூரத்தில். ஒரே உருட்டு, கோப்பை, மெட்ராஸ் கடிதம், பச்சைப் புல், எல்லாம் அந்த மூன்றடியில் இருந்தன. மட்டை கோயிலுக்குப் போவதும் அந்த மூன்றடியில்தான் இருந்தது.

உருட்டினார். பந்து குழியை ஒட்டிக்கொண்டு போய் இரண்டடி தள்ளி நின்றது. கூட்டம் ‘அய்யோ’ என்றது. தவறியிருக்கும் என்று நானும் நினைத்தேன், யாருக்கும் தவறும். இப்போது போட்டால் சமன், மறுபடி ஒரு குழி ஆடி யார் வெற்றி என்று பார்ப்பார்கள்.

மருது நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் பொன்னுத்தாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். மருது குனிந்தார். இரண்டாவது உருட்டு. மெதுவாக, அழகாக, குழியின் உதட்டுக்கு ஒரு விரல் முன்னால் வந்து பந்து நின்றுகொண்டது. காற்றடித்தால் விழுந்துவிடும் போல. அந்த மணலை அன்று காலை இழுத்தவர் அவர். எவ்வளவு உருட்டினால் எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். மூன்றாவதாகத் தட்டி உள்ளே விட்டார். நூற்று நாற்பத்தெட்டு.

“தூ! இதுக்குத்தானா மாட்டப் பிடிச்சுக் கட்டிட்டு வந்தேன்!” என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

பொன்னுத்தாயி என் பக்கத்தில் வந்து காதருகே கேட்டார். “தோத்துட்டானா ஆச்சி?”

“ஆமா.”

“சரி. மட்ட வீட்டுக்கு வரும்.” அவர் குரலில் இருந்தது நிம்மதி. தன் மகனிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டியிராதே என்ற நிம்மதி.

நான் மருதுவைத் தேடிப் போனேன். எண்ணெய் டின்னை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“வேணும்னுதானே விட்ட?”

“காத்து ஆச்சி.”

“எண்ணெய் மணல்ல உருளுற பந்தக் காத்து என்ன செய்யும்?”

“ஒங்க பேப்பருல கருடனே தூக்குது. காத்து ஒரு பந்த நிறுத்தக் கூடாதா?” சிரித்தபடிதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. “அடுத்த வருசம் என்னயப் பத்தி எழுதாதீக ஆச்சி. பேரு மட்டும் போடுங்க. போதும்.”

அப்படியே செய்தேன். அடுத்த ஐந்து முன்னோட்டங்களிலும் ஆட்டக்காரர் வரிசையில் ‘மருது, நேமத்தான்பட்டி’ என்று மட்டும் இருக்கும். மற்றவர்களைப் பற்றி எதையாவது அளந்துகொண்டிருந்தேன். சாமி பேரை மட்டும் தொடவில்லை. ஐந்து ஆண்டும் அவர் கடைசிக் குழி வரை முன்னால் இருப்பார், கடைசிக் குழியில் ஒரு அடி பின்னால் போவார். ஊரில் ‘ரெண்டாம் மருது’ என்றே பெயராயிற்று. மருதுவுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம், “ஒங்க பொண்ணு இவருக்கு மொத சம்சாரம்தானே, இல்ல ரெண்டாவதா?” என்று கேலி பேசினார்களாம். கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார் என்று கேள்வி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செம்மலை மெட்ராஸ் போனார், அங்கிருந்து மேலே போனார். 1971இல் விருந்தாளியாக, காரில் வந்தார். மருதுவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “அம்மா, எல்லாக் குழியிலயும் கண்ணு தெரியுற மனுஷருக்குக் கடைசிக் குழியில மட்டும் எப்படித் தெரியாமப் போகுது?” எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அது இன்னொரு பொய்.

1973 கடைசியில் பம்புசெட்டு வார் இழுத்து மருதுவின் வலது மணிக்கட்டு பிசகிற்று. கட்டுப் போட்டார்கள்; எலும்பு சேர்ந்தது, பழைய வளைவு வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் ஆடவில்லை. அந்த ஐப்பசியில் பொன்னுத்தாயி காலமானார்.

1975 மாசி, இருபதாம் ஆண்டுப் பந்தயம். முன்னோட்டம் எழுத உட்கார்ந்திருந்தபோது மருதுவே எங்கள் வீட்டுக்கு வந்தார். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது.

“இந்த வருசம் என்னயப் பத்தி எழுதுங்க ஆச்சி.”

“என்ன எழுத?”

“ஜெயிக்க ஆடுறேன்னு எழுதுங்க.”

“அப்ப மட்டை?”

“வச்சிருவேன்.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆத்தாவுக்கு எல்லாந் தெரிஞ்சிருக்கு ஆச்சி. மொத வருசமே தெரிஞ்சிருக்கு. சாகுறதுக்கு மொத நாளு கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு, ‘எனக்காக எத்தன வருசம்டா தோத்த? ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டுடா’ன்னு. ஜெயிச்சுட்டு வச்சிரலாம்னு இருக்கேன்.”

அன்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. “காப்பி சாப்பிட்டுப் போ” என்றுதான் சொன்னேன்.

அந்த முன்னோட்டத்தில் அவரைப் பற்றி உண்மையை மட்டும் எழுதிப் பார்த்தேன். ஒரே வரிதான் தேறிற்று. “நேமத்தான்பட்டி மருது, வயது முப்பத்தேழு, இம்முறை முதலாவதாக வர ஆடுகிறார்.” முத்துராமன் படித்துவிட்டு, “என்ன ஆச்சி, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார்.

மருது ஆடியதை இரண்டு நாளும் கூடவே நடந்து பார்த்தேன். பெங்களூரிலிருந்து வந்த பையன்கள் இரண்டே அடியில் போய்ச் சேர்கிற இடத்துக்கு அவருக்கு மூன்று தேவைப்பட்டது. மணிக்கட்டு வளையவில்லை. ஆனால் மணலுக்கு வந்துவிட்டால் அதே பழைய மருது. உருட்டிய பந்தெல்லாம் உள்ளே. கடைசிக் குழிக்கு வந்தபோது கோப்பை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது; அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பந்து பதினைந்தடி தூரத்தில் நின்றது. கூட்டத்தில் யாரோ, “ரெண்டாம் மருதுக்குக் கடைசிக் குழியப்பா, கண்ண மூடிக்கங்க!” என்றார். மருது மணலை இழுத்தார், குனிந்தார், உருட்டினார். பந்து நேராகப் போய் உள்ளே விழுந்தது. அவர் ஆடிய இந்த ஏழு பந்தயங்களின் கடைசிச் சுற்றில், அந்தக் குழியில் முதல் உருட்டிலேயே அவர் பந்து விழுந்தது அன்றுதான்.

பட்டியலில் அவர் பெயர் ஐந்தாவதாக வந்தது.

நான் அருகே போய் நின்றேன்.  அவர் மட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சாவது ஆச்சி,” என்றார். “நெசமா வந்தது.”

“இன்னும் ஆடுவியா?”

“ஜெயிச்சாத்தானே வைக்கணும்? இனி எங்குட்டு ஜெயிக்கிறது! சாகுற வரைக்கும் ஆடலாம்.” துணியை மடித்து வைத்தார். “கடைசிக் குழியில எவன் எத்தன அடின்னு மனசுக்குள்ள கணக்குப் போடாம இன்னிக்குத்தான் ஆச்சி ஆடுனேன். நல்லாத்தான் இருக்கு.”

மணிக்கட்டை இடது கையால் பிடித்து நீவிக்கொண்டே சொன்னார். வெல்லக்கூடிய ஆறு ஆண்டுகளை நான் எடுத்துக்கொண்டு, வெல்ல முடியாத ஓர் ஆண்டை அவருக்கு விட்டு வைத்திருந்தேன். அதில் அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றார். பச்சைப் புல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அன்று மாலையே முடிவுகளை எழுதி எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போனேன். முதல் ஐந்து பேரையும் எழுதியிருந்தேன். முத்துராமன் பென்சிலால் கடைசி இரண்டு பெயர்களை அடித்தார்.

“மூணு பேருக்கு மேல நாம எப்பவும் போட்டதில்லையே ஆச்சி. எடம் இல்ல.”

“அந்த அஞ்சாவது பேரை மட்டுமாவது போடுங்க.”

“மூணாவதுக்கு அப்புறம் அஞ்சாவதா? படிக்கிறவன் சிரிப்பான். அதுல என்ன ஆச்சி இருக்கு?”

என்ன இருக்கிறது என்று சொல்ல அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லத் தொடங்கினால் பூவிலிருந்து சொல்ல வேண்டும். மூன்று பேரோடு பத்திரிகை வந்தது. அடுத்த ஆண்டோடு பந்தயம் நின்றது. பொட்டல் மனைகளாகப் போயிற்று. மருது தம் கேணி மேட்டில் ஒரு குழி தோண்டி, மணல் பரப்பி, பல காலம் உருட்டிக்கொண்டிருந்தார். மெட்ராசுக்கு ஒரு தடவையும் போகவில்லை.

அவரைப் பற்றி நான் சொன்ன பொய்க்கு அன்று பத்திரிகையில் இடம் கிடைத்தது. விட்டுப்போனதை இங்கே எழுதிவைக்கிறேன். செம்பொட்டல் கோப்பை, இருபதாம் ஆண்டு, 1975. ஐந்தாம் இடம்: மருது, நேமத்தான்பட்டி. மொத்தம் நூற்று ஐம்பத்து மூன்று அடி.